லண்டன் சவுத் பேங்கில் ஒரே ஒரு பிற்பகல்: நான்கு கட்டடங்களில் எதற்குள் போவது?

லண்டனில் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்குபவர்களும், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கும் ஈஸ்ட் ஹாம், வெம்பிளிக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. தேம்ஸின் தென்கரையில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற கச்சேரி அரங்கம், ஹேவர்ட் கேலரி என்ற கலைக்கூடம், நாடகத்துக்கான நேஷனல் தியேட்டர், அப்புறம் கொஞ்சம் தள்ளி டேட் மாடர்ன் என்ற நவீனக் கலை அருங்காட்சியகம் என்று வரிசையாக இருக்கின்றன. கையில் ஒரு பிற்பகல்தான் இருக்கிறது, நாடகத்துக்கோ கச்சேரிக்கோ டிக்கெட் எடுக்கவில்லை. எதைப் பார்ப்பது?

பெரும்பாலானவர்கள் லண்டன் ஐ பக்கத்தில் நடக்க ஆரம்பித்து, நான்கையும் வெளியிலிருந்தே பார்த்து, "எல்லாம் ஒரே சிமெண்டாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு டவர் பிரிட்ஜுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். இந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் தங்கள் மூளையை அதிகம் செலவழித்தது யார் வேண்டுமானாலும் நுழைந்து உட்காரக்கூடிய உள் கூடங்களில்தான், அதைப் பார்க்காமல் போவது கோயிலுக்குப் போய் மதிலை மட்டும் சுற்றிவிட்டு வருவதற்குச் சமம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கையும் பார்க்க முயற்சி செய்யாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய் ஒன்றரை மணி நேரமாவது இருங்கள், மற்றவற்றை வழியில் பார்த்தால் போதும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் அளவுகோல், டிக்கெட் இல்லாமல் கட்டடத்தின் எவ்வளவு பகுதிக்குள் போக முடியும் என்பது. கட்டடக்கலையைப் பார்க்க வந்தவருக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை.

இரண்டாவது, எதுவும் வாங்காமல் எவ்வளவு நேரம் உட்கார விடுவார்கள், நாற்காலி, கழிப்பறை, வெதுவெதுப்பு எல்லாம் இருக்கிறதா என்பது. பெரியவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் இதுதான் முதல் இடத்துக்கு வந்துவிடும்.

மூன்றாவது, படிகளும் நடையும். ஃபெஸ்டிவல் ஹாலிலிருந்து டேட் மாடர்ன் வரை ஆற்றோரமாக நடக்க சுமார் 20 நிமிடம் ஆகும், முழங்கால் வலி இருப்பவருக்கு இன்னும் கூட.

நான்காவது, வெளிச்சம். இதை யாரும் சொல்வதில்லை. வாட்டர்லூ பாலத்தை ஒட்டிய மூன்று கட்டடங்களின் ஆற்றுப் பக்கமும் ஏறக்குறைய வடமேற்கு நோக்கியது, அதனால் பகலின் பெரும்பகுதி ஆற்றோரத் தளங்கள் நிழலில்தான் கிடக்கும், கோடை மாலையில் மட்டும் சாய்ந்த வெயில் ஆற்றைத் தாண்டி வந்து சுவரில் விழும். டிசம்பரில் 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

ஐந்தாவது, மறைமுகச் செலவு. அதை ஒவ்வொன்றிலும் தனியாகச் சொல்கிறேன்.

எது பிரபலம், எது செல்ஃபிக்கு நல்லது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

## ராயல் ஃபெஸ்டிவல் ஹால்

போர் முடிந்து ஆறு வருடம், குண்டு விழுந்த நகரம் இன்னும் முழுதாக எழவில்லை, ரேஷன் அப்போதும் நடக்கிறது. அந்த நிலைமையில் 1951-ல் 'ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்' என்று ஒரு பெரிய விழாவை இந்தக் கரையில் நடத்தினார்கள். மற்ற கட்டடங்கள் எல்லாம் தற்காலிகம், இது ஒன்றுதான் நிலைத்து நிற்பதற்காகக் கட்டியது. அதே வருடம் சர்ச்சிலின் கட்சி ஆட்சிக்கு வந்ததும் மற்றவற்றை இடித்துத் தள்ளினார்கள். லண்டன் கவுன்டி கவுன்சிலின் கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் மேத்யூ, லெஸ்லி மார்ட்டின், பீட்டர் மோரோ ஆகியோரின் வேலை இது, அதாவது ஒரு மாநகர நிர்வாகத்தின் சொந்த அலுவலகத்தில் வரைந்தது.

அவர்களுக்கு இரண்டு சிக்கல். இடம் குறுகல், பக்கத்திலேயே சேரிங் கிராஸுக்குப் போகும் ரயில் பாலம். கச்சேரி நடக்கும்போது ரயில் சத்தம் கேட்கக்கூடாது. அரங்கத்தை அப்படியே மேலே தூக்கி, அதன் அடியிலும் சுற்றிலும் கூடங்களையும் படிக்கட்டுகளையும் வைத்தார்கள். 'பெட்டிக்குள் முட்டை' என்று மார்ட்டின் அதைச் சொன்னார். ரயில் சத்தத்துக்காகச் செய்த இந்த ஏற்பாட்டினால்தான் கீழே இவ்வளவு பெரிய, தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கூடம் கிடைத்தது. உள்ளே நின்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்: தரை படிப்படியாக ஏறி இறங்கும், எந்த மூலையிலிருந்தும் இன்னொரு தளம் தெரியும், ஆறும் தெரியும். மேலே, தலைக்கு மேல், 2,700 பேர் உட்காரும் அரங்கம்.

ஆனாலும் பல வருடங்கள் இந்தக் கூடம் மாலை டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். 1983-ல் கிரேட்டர் லண்டன் கவுன்சில் கதவைப் பகல் முழுக்க எல்லோருக்கும் திறந்துவிட்டது. என்னைக் கேட்டால் சவுத் பேங்கின் வரலாற்றிலேயே மிகப் பெரிய முடிவு அதுதான், ஒரு செங்கல்கூட வைக்காமல் ஒரு கட்டடத்தை மாற்றிய முடிவு. இன்றைக்கு அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், நடனம் பழகுகிறவர்கள், குழந்தையை உருட்டி விளையாட விடும் அம்மாக்கள், ஒரு தேநீரோடு மதியம் முழுக்க உட்காரும் வயதானவர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். 1988-ல் இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது, போருக்குப் பிந்தைய கட்டடங்களில் அந்த இடம் பிடித்த முதல் கட்டடம் இதுதான். 2005 முதல் 2007 வரை மூடிப் புதுப்பித்தபோது கூடங்களுக்குள் அடைத்துக்கொண்டிருந்த அலுவலகங்களையும் கடைகளையும் வெளியேற்றினார்கள்.

குழந்தைகள் கூட இருந்தால் கண்ணாடி லிஃப்டில் ஏறுங்கள், மேலே போகப் போகப் பாடகர் குரல்களின் சுருதி ஏறும், இறங்கும்போது இறங்கும். மார்ட்டின் கிரீட் என்ற கலைஞரின் படைப்பு. ஐந்தாம் தளத்தில் தேசியக் கவிதை நூலகம் இருக்கிறது, அதுவும் இலவசம், ஆனால் தினமும் திறந்திருக்காது.

மறைமுகச் செலவு: சனி, ஞாயிறு பிற்பகலில் நாற்காலி கிடைப்பது கஷ்டம். ஆற்றுப் பக்க உணவகங்கள் விலை அதிகம், நான்கு பேர் சாப்பிட்டால் பாக்கெட் காலி. அரங்கத்துக்குள் எட்டிப் பார்க்க டிக்கெட் வேண்டும். ஆனால் அரங்கத்தைவிட இந்தக் கூடம்தான் பார்க்க வேண்டியது என்பதால் அதை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

எப்போது இது சரி: பெரியவர்கள், குழந்தைகள் இருவரும் கூட இருக்கும்போது, மழை பெய்யும்போது, முதல் தடவை வரும்போது.

## ஹேவர்ட் கேலரி, குயின் எலிசபெத் ஹால்

பக்கத்திலேயே ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை, கச்சேரி அரங்கமான குயின் எலிசபெத் ஹால் 1967-லும் ஹேவர்ட் 1968-லும் திறந்தவை. நார்மன் எங்கிள்பேக் தலைமையில், பின்னாளில் 'ஆர்க்கிகிராம்' என்ற கட்டடக்கலைக் குழுவில் பேர் பெற்ற ரான் ஹெரான், வாரன் சாக், டென்னிஸ் கிராம்ப்டன் ஆகிய இளைஞர்கள் சேர்ந்து வரைந்தார்கள். முகப்பு என்று ஒன்று கிடையாது, கான்கிரீட் கனங்கள் ஒன்றின் மேல் ஒன்று, நடுவே நடைபாதைகள், கூரையில் 66 கண்ணாடிப் பிரமிடுகள். வாசல் எங்கே என்று தேடித்தான் ஆகவேண்டும்.

இதை இடிக்கவோ மூடவோ பலமுறை திட்டம் போட்டார்கள். 1994-ல் ரிச்சர்ட் ரோஜர்ஸ் மொத்தத்தையும் அலை வடிவக் கண்ணாடிக் கூரையால் மூட ஒரு திட்டம் கொடுத்தார், அது நடக்கவில்லை. 2013-ல் குயின் எலிசபெத் ஹாலின் அடித்தளத்தைக் கடைகளாக மாற்றும் யோசனை வந்தபோது, 1970களிலிருந்து அங்கே ஸ்கேட்போர்டு ஓட்டிவந்தவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். மறு வருடமே அந்த இடம் அவர்களுக்கே என்று உடன்பாடு ஆனது. காளான் தலைத் தூண்களுக்கு நடுவே அந்தப் பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்க்க ஒரு பைசா வேண்டாம், நான்கு கட்டடங்களிலும் மிக உயிரோட்டமான மூலை எனக்கு அதுதான்.

ஆனால் உள்ளே? ஹேவர்டுக்கு நிரந்தரத் தொகுப்பு காட்சியில் இல்லை, கண்காட்சிக்கு டிக்கெட் வாங்க வேண்டும், ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை மூடிக் கிடக்கும். அந்தப் பிரமிடுகள் வழியாக இறங்கும் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பணம் கொடுத்தால்தான் உண்டு, அதுவும் அன்றைய கண்காட்சிக்காக மேல்தளத்தை இருட்டாக்கியிருந்தால் அதுவும் இல்லை. குடும்பத்தோடு போனால் பெரிய மறைமுகச் செலவு இதுதான்.

எப்போது இது சரி: உங்களுக்குப் பிடித்த கலைஞரின் கண்காட்சி நடந்தால், அல்லது வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால். மற்றபடி கால் மணி நேரம் அடித்தளத்தில் நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

## நேஷனல் தியேட்டர்

என் மனசு இங்கேதான். டெனிஸ் லாஸ்டன் வரைந்து, 1969-ல் தொடங்கி 1976-ல் திறந்தது. 1988-ல் அன்றைய இளவரசர் சார்லஸ் இதை லண்டன் நடுவே யாரும் எதிர்க்காமல் கட்டிவிட்ட அணுமின் நிலையம் என்ற அர்த்தத்தில் சொன்னார், அந்தப் பேச்சு இன்றைக்கும் இதன் பின்னாலேயே வருகிறது. ஆறே வருடத்தில், 1994-ல், லாஸ்டன் உயிரோடு இருக்கும்போதே, முதல் தரத்துக்கு அடுத்த படியான இரண்டாம் தர நட்சத்திரப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாத்தார்கள்.

வெளியே பார்ப்பதற்கு முன் சுவருக்குப் பக்கத்தில் போய்க் கையை வைத்துப் பாருங்கள். சென்ட்ரிங்குக்கு ரம்பத்தில் அறுத்த மரப்பலகைகளைப் பயன்படுத்தி, பிரித்த பிறகு எதையும் பூசவில்லை. மர ரேகை, முடிச்சு, இரண்டு பலகை சேரும் கோடு எல்லாம் கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருக்கிறது. நம் ஊரில் ஸ்லாப் போட்டு சென்ட்ரிங் பிரித்ததும் தெரிகிற இதே வரிகளைத்தான் நாம் அவசர அவசரமாகப் பூசி மறைக்கிறோம், இங்கே அதுதான் அலங்காரம். அந்த வரிகளை நேராக வரவைக்க எவ்வளவு கவனமாகப் பலகை அடித்திருக்க வேண்டும் என்பது வீடு கட்டிய எவருக்கும் புரியும். மழையில் நனைந்தால் கறுத்துப் போகும், கோடை மாலை வெயிலில் வெண்கல நிறத்துக்கு வரும். மேகமூட்டமான நாளில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு இதை மதிப்பிடுவது நியாயமே இல்லை.

உள்ளே மூன்று அரங்கங்கள். அவற்றில் பெரியதான ஆலிவியர் சுமார் 1,150 பேர் உட்காருவது, கிரேக்க நாட்டின் எபிடாரஸ் திறந்தவெளி அரங்கத்தை மனதில் வைத்து விசிறி மாதிரி விரித்தது. கூடங்களையும் வெளித்தளங்களையும் நான்காவது அரங்கமாக நினைத்தார் லாஸ்டன்: நாடகம் பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது, நகரத்தைப் பார்ப்பது, நகரம் அவர்களைப் பார்ப்பது. அதனால்தான் தளங்கள் அடுக்கடுக்காக ஆற்றை நோக்கி நீண்டு, ஒரு பக்கம் வாட்டர்லூ பாலத்தோடே போய்ச் சேருகின்றன.

கூடத்துக்குள் போனால் முதலில் கூரை தாழ்வாக இருக்கும், கொஞ்சம் இருட்டு, மேலே சாய்சதுரக் குழிகள் வரிசையாக ஓடும். நாலு படி ஏறியதும் சட்டென்று இரண்டு மூன்று தளத்துக்கு உயரம் திறக்கும், பக்கவாட்டில் ஒரு பால்கனியில் யாரோ தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார், அந்தப் பக்கம் கண்ணாடி வழியே ஆறும் எதிர்க்கரையில் சோமர்செட் ஹவுஸும் தெரியும். இவ்வளவு கனமான கட்டடத்துக்குள் இவ்வளவு அந்தரங்கமான மூலைகளை எப்படி வைத்தார் என்று ஒவ்வொரு தடவையும் வியப்பாக இருக்கிறது. மூன்று நான்கு மூலைகளில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தால்தான் இந்தக் கட்டடம் பிடிபடும். 2015-ல் முடிந்த புதுப்பிப்பில் மேடை அமைப்புகள் செய்யும் பட்டறையை மேலிருந்து பார்க்க ஒரு நடைபாலமும் சேர்த்தார்கள், அதற்குக் கட்டணம் இல்லை, திறந்திருக்கிறதா என்று வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு: ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும், கிழமை பார்த்துத்தான் போக வேண்டும். நாடகம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் கூட்டம் நெரியும், அப்போது மூலைகள் எல்லாம் பிடிபட்டிருக்கும், அதனால் 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் போவது நல்லது. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் தளங்களுக்கு நடுவே அரைத்தளங்கள் இருப்பதால் சக்கர நாற்காலியோடு சுற்றினால் சில மூலைகள் விட்டுப்போகும். மேடைக்குப் பின்னால் கூட்டிப்போகும் சுற்றுக்குத் தனிக் கட்டணம், முன்பதிவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கட்டடங்களில் ஆர்வமே இல்லாதவரை இங்கே கூட்டிவந்தால் பத்து நிமிடத்தில் "போகலாமா" என்பார்.

எப்போது இது சரி: தனியாகவோ, பொறுமையுள்ள ஒரு நண்பரோடோ, கோடை மாலையில். கட்டடம் கட்டும் வேலையில் இருப்பவர் யாராவது உங்களோடு வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

## டேட் மாடர்ன்

மற்ற மூன்றும் கலைக்காகவே கட்டியவை, இது மின்நிலையம். சிவப்புத் தொலைபேசிக் கூண்டையும் வாட்டர்லூ பாலத்தையும் வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டின் வேலை, 1947-லிருந்து 1963 வரை இரண்டு கட்டமாகக் கட்டியது, 42 லட்சம் செங்கல். 1981-ல் மூடினார்கள். ஹெர்ட்சாக், டி மியூரான் என்ற கட்டடக் கலைஞர்கள் சுவிஸ் நாட்டிலிருந்து வந்து மாற்றியமைக்க, 2000-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

அவர்கள் செய்ததில் பெரிய விஷயம், டர்பைன்கள் இருந்த கூடத்தைக் காலியாக விட்டதுதான். சுமார் 150 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். அங்கே ஐந்தாறு தளம் போட்டு ஓவியங்களை மாட்டியிருக்கலாம், செய்யவில்லை. மேற்கு வாசல் சரிவில் இறங்கி அதற்குள் போகும்போது எந்த ஆர்வமும் இல்லாத ஆள்கூட நின்று அண்ணாந்து பார்ப்பார். 2007-ல் டோரிஸ் சல்செடோ என்ற கொலம்பியக் கலைஞர் இந்தத் தரையில் நீளமாக ஒரு பிளவை உண்டாக்கினார், பிறகு அதை அடைத்துவிட்டார்கள், அடைத்த தழும்பு இன்னும் தெரிகிறது. பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

2016-ல் பின்பக்கம் சேர்த்த பிளாவட்னிக் கட்டடம் செங்கல்லையே வலை மாதிரி இடைவெளி விட்டு அடுக்கியது, அதன் அடியில் பழைய எண்ணெய்த் தொட்டிகள் வட்ட அறைகளாக இருக்கின்றன. காட்சி அறைகள் எனக்குச் சாதாரணமாகத்தான் படுகின்றன, வெள்ளைச் சுவர், நல்ல வெளிச்சம், அவ்வளவுதான்.

மறைமுகச் செலவு: காலும் நேரமும். நிரந்தரத் தொகுப்பு இலவசம் என்பதால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வரும், கட்டடம் மறந்துபோகும். சிறப்புக் கண்காட்சிகளுக்குக் கட்டணம் கணிசமானது. லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டிவரும். பெட்டியோடு நேராக விமான நிலையத்திலிருந்து போகாதீர்கள், பெரிய பெட்டிகளை உள்ளே விடமாட்டார்கள். மேல்தளத்திலிருந்து நகரத்தைப் பார்க்கவே போகிறேன் என்றால், அங்கிருந்து பார்த்தால் தங்கள் வீட்டுக்குள் தெரிகிறது என்று எதிரே குடியிருப்பவர்கள் போட்ட வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் குடியிருப்பவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, அதனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எப்போது இது சரி: ஓடியாடும் குழந்தைகள் இருந்தால், கூட வருபவர்களில் பாதிப் பேருக்குக் கட்டடமே வேண்டாம் என்றால், குளிர்காலத்தில்.

## ஒரே பார்வையில்

| | ஃபெஸ்டிவல் ஹால் | ஹேவர்ட் | நேஷனல் தியேட்டர் | டேட் மாடர்ன் |
|---|---|---|---|---|
| டிக்கெட் இல்லாமல் உள்ளே | நிறைய | மிகக் குறைவு | நிறைய, அரங்கங்கள் நீங்கலாக | ஏறக்குறைய எல்லாம் |
| உட்கார இடம் | உண்டு, வாரக்கடைசியில் கஷ்டம் | இல்லை | பிற்பகலில் தாராளம் | பரவாயில்லை |
| பெரியவர்களுக்கு | மிக நல்லது | வேண்டாம் | சுமார் | நடை அதிகம் |
| குழந்தைகளுக்கு | நல்லது | ஸ்கேட்போர்டு மட்டும் | சீக்கிரம் சலிக்கும் | மிக நல்லது |
| நல்ல நேரம் | வார நாள், மதியம் | கண்காட்சி நாட்கள் | கோடை, 3 முதல் | எப்போதும் |
| பெரிய மறைமுகச் செலவு | சாப்பாடு | நுழைவுக் கட்டணம் | கிழமை தவறினால் மூடியிருக்கும் | அலைச்சல் |

## போக வர ஆகும் செலவு

காரை எடுக்காதீர்கள். இந்தப் பகுதி முழுக்க நெரிசல் கட்டண எல்லைக்குள் வருகிறது, பார்க்கிங் அதற்கு மேல். வெம்பிளி பார்க்கிலிருந்து ஜூபிலி லைனில் ஏறினால் நேராக வாட்டர்லூ, டேட்டுக்கு என்றால் அடுத்த நிலையம் சதர்க். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் எம்பேங்க்மென்ட் வந்து நடைபாலத்தில் ஆற்றைக் கடந்தால் ஃபெஸ்டிவல் ஹால் வாசலிலேயே இறங்கலாம், ஆனால் அந்த நிலையத்தில் படி ஏறித்தான் ஆகவேண்டும். பெரியவர்கள் இருந்தால் வெஸ்ட் ஹாமில் ஜூபிலிக்கு மாறி, வாட்டர்லூவில் லிஃப்டில் மேலே வாருங்கள்.

## அப்படியானால் எது?

அம்மா அப்பா, குழந்தை, மாமியார் என்று எல்லோரும் சேர்ந்து போனால் ஃபெஸ்டிவல் ஹால். குழந்தைகள் மட்டும் என்றால் டேட். ஹேவர்டை ஒரு கண்காட்சிக்காகத் தனியாகப் போய்க்கொள்ளலாம். நீங்கள் ஒருவர்தான், கட்டடம் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால், எவ்வளவு பேர் எதிர்த்துச் சொன்னாலும் நான் நேஷனல் தியேட்டர் என்றுதான் சொல்வேன். வாட்டர்லூ பாலத்தின் நடுவிலிருந்து தொடங்கி, தளங்களை முதலில் அங்கிருந்து பார்த்துவிட்டு, பாலத்தோடு சேரும் பக்கமாக உள்ளே இறங்குங்கள்.

இரண்டாவது பிற்பகலும் கிடைத்தால் நேஷனல் தியேட்டரிலிருந்து டேட் வரை ஆற்றோரமாக நடங்கள். நடுவில் காயின் ஸ்ட்ரீட் குடியிருப்புகளும் புல்வெளியும் வரும். பெரிய அலுவலகக் கட்டடங்கள் வரவிருந்த 13 ஏக்கர் நிலம் அது, 1984-ல் அந்தப் பகுதி மக்களே சேர்ந்து 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். எந்தச் சுற்றுலாக் கையேடும் அதைக் கட்டடக்கலை என்று பட்டியலிடாது, ஆனால் இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே இன்றும் ஆறு தெரிய நடக்க முடிவது அவர்களால்தான், அந்தப் புல்லில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிடலாம்.